மஞ்சள் அறையில் ஒரு நார்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமாங்க? கோவிச்சுக்காதீங்க. காத்து வேணாம்னு இல்ல, தூசிதான். ராயக்கோட்டை வரைக்கும் ரோடு போடுறாங்களாம், காலையில வர்றப்பவும் இதே கதைதான். எனக்குத் தும்மல் கிம்மல் ஒண்ணும் கிடையாது. ஆனா தூசியப் பாத்தாலே மனசு ஒரு மாதிரி ஆயிடும். பத்தொன்பது வருஷமா தூசியே இல்லாத ரூம்ல வேலை பாக்கிறவ நான். எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், 'உனக்குப் புருஷனைவிட ஃபேன் றெக்கை மேல இருக்கிற தூசிதான் முக்கியம்'னு.

நீங்களும் ஓசூர்தானா? நல்லதாப் போச்சு. நான் மாரண்டஅள்ளிக்கு ஒரு வேலையா வந்தேன். வேலைன்னா என்ன, ஒரு பொண்ணுகிட்ட ஒரு தாள்ல கையெழுத்து வாங்கணும். வாங்கியாச்சு. இதோ இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. நிம்மதியா வீடு போய்ச் சேர வேண்டியவ, பஸ் ஏறினதுலேருந்து மூணு தடவை பையைத் திறந்து பாத்துட்டேன். தாள் கசங்கிடுமோங்கிற பயம்தான்னு நினைச்சேன். தாள் இல்லைங்க, அந்தப் பொண்ணுதான் மனசுல நிக்கிறா. அவ பொழப்பும் என் பொழப்பும் இந்த ஒரு தாள்ல இருக்கு.

நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க. வெளி ஆளுகிட்ட சொன்னாத்தான் சரி. வீட்டுல சொன்னா அவருக்கு பிரஷர் ஏறிடும், கம்பெனியில சொன்னா மறுநாளே ஊர் பூரா பரவிடும்.

எங்க கம்பெனி பேரு வேணாம் விடுங்க. ஓசூர்ல பெரிய கம்பெனிங்களுக்கு நடுவுல ஒரு சின்ன கம்பெனி. நாங்க செய்யற சாமானே சின்னதுதான். நெஞ்சு வலின்னு போனா தொடையில, இல்லாட்டி மணிக்கட்டுல குத்தி ஒரு கம்பிய இதயம் வரைக்கும் விடுவாங்கல்ல? அந்தக் கம்பி நுனியில ஒரு சில்லு உக்காந்திருக்கும். எள்ளுல கால்வாசி. உள்ள ரத்தம் எவ்வளவு அழுத்தத்துல ஓடுதுன்னு அதுதான் டாக்டருக்குச் சொல்லும். அந்தச் சில்லுதான் நாங்க செய்யறது.

கையால செய்ய முடியுமா அதை? இன்ஜினியருங்க கம்ப்யூட்டர்ல சுவர் அளவுக்குப் பெருசாக்கிப் படம் வரைவாங்க. அந்தப் படம் நேரா மிஷினுக்குப் போகும். மிஷின் அதைக் குட்டியாக்கி, தோசைக்கல் மாதிரி இருக்கிற சிலிக்கான் தட்டு மேல வெளிச்சத்தால அச்சடிக்கும். ஒரு தட்டுல நாலாயிரம் சில்லு. ஒரு பெட்டிக்கு இருபத்தஞ்சு தட்டு. அச்சடிச்சு, கரைச்சு, கழுவி, மறுபடி அச்சடிச்சு, இப்படிப் பன்னெண்டு தடவை. நடுவுல ஒரே ஒரு முடி விழுந்தாலும் போச்சு. நமக்கு அது முடி, அந்தச் சில்லுக்கு அது பாறாங்கல்லு.

அதனாலதான் அவ்வளவு கெடுபிடி. பூ கூடாது, பவுடர் கூடாது, பொட்டு கூடாது, கண்ணுக்கு மை கூடாது. மூஞ்சியக் கழுவிட்டு, உச்சந்தலையிலேருந்து பாதம் வரைக்கும் வெள்ளை சூட்டு மாட்டி, ஜிப்பைத் தாடை வரைக்கும் ஏத்தி, கண்ணு மட்டும் தெரியற மாதிரிதான் உள்ள போகணும். அச்சு ரூம்ல லைட்டு வேற மஞ்சளா இருக்கும். வெள்ளை வெளிச்சம் பட்டா தட்டுல பூசியிருக்கிற மருந்து கெட்டுடும். அந்த மஞ்சள் ரூமுக்கு லைன் இன்சார்ஜ் நான்தான். என் ஷிப்டுல பதினாலு பொண்ணுங்க. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தியையும் நெத்தி, காது, நகம்னு பாத்துத்தான் உள்ள விடுவேன். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. முதுகுக்குப் பின்னாடி என்னை 'போலீஸ் அக்கா'ம்பாளுங்க. சொல்லிட்டுப் போகட்டுமே.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரியில அவரை உள்ள கொண்டு போயிட்டாங்க, நான் வெளிய உக்காந்திருக்கேன். டாக்டர் வந்து ஒரு தாள்ல கம்பி மாதிரி கிறுக்கிக் காட்டி, 'இதை உள்ள விட்டு பிரஷர் பாத்துட்டிருக்கோம்மா, பயப்படாதீங்க'ன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுடுச்சு. அந்த நுனியில இருக்கிறது எங்க சில்லு! எங்க கம்பெனிதோ வேற கம்பெனிதோ, ஆனா அதே சாமான். அதுவரைக்கும் எனக்குப் பெட்டி, தட்டு, நம்பர், அவ்வளவுதான். அன்னிக்குத்தான் ஒவ்வொரு சில்லுக்கும் பின்னாடி ஒரு ஆளு படுத்திருக்கிறது தெரிஞ்சுது. வெளிய ஒருத்தி உக்காந்திருக்கிறதும் தெரிஞ்சுது.

அவர் பொழைச்சு வந்தப்புறம் தாலியத் தங்கச் செயின்லேருந்து மஞ்சக் கயித்துக்கு மாத்திக்கிட்டேன். கயித்துலதான் ஆயுசு கெட்டின்னு எங்க மாமியார் சொன்னாங்க. அதோட ஒரு பழக்கமும் வந்துடுச்சு. ஒவ்வொரு பெட்டியும் மிஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி, ஜிப்பை ரெண்டு விரக்கடை இறக்கி, தாலிய வெளிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவேன். 'ஆத்தா, இது யாரு நெஞ்சுக்குள்ள போகுதோ அவங்க நல்லபடியா எழுந்து வீட்டுக்குப் போகணும்.' ஒரு செகண்டு வேலை. மறுபடி உள்ள போட்டு ஜிப்பை ஏத்திடுவேன். எனக்காகக் கேக்கலைங்க, கண்ணால பாக்காத ஜனங்களுக்காகக் கேட்டேன். தப்பா? இல்லைங்கிறீங்கல்ல. அதைத்தான் நானும் சொல்றேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த ஆடியில, பதினெட்டு முடிஞ்ச மறுநாளே பெட்டி கெட ஆரம்பிச்சுது. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தா நார். பஞ்சு நார், மஞ்சள் கலர். ஒரு தட்டுல மூணு, ஒரு தட்டுல ஏழு. ஒரு வாரத்துல பதினோரு பெட்டி குப்பைக்குப் போச்சு. மேனேஜர் கஜேந்திரன் சார் என்னைக் கூப்பிட்டு, 'என்னம்மா, வாசல்ல அப்படி நிக்கறீங்க, உள்ள சந்தையே நடக்குது போல'ன்னார். பத்தொன்பது வருஷத்துல அப்படி ஒரு சொல்லு நான் கேட்டதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

எங்க இன்ஜினியர் பிரணவ் ஒரு புரோகிராம் வச்சிருக்கார். கெட்டுப்போன பெட்டிங்களோட நேரத்தை அதுல குடுத்தா, அந்தந்த நேரத்துல ரூமுக்குள்ள யாரு இருந்தான்னு கதவு கார்டை வச்சுப் பேரு சொல்லிடும். தட்டினார். பதினோரு பெட்டியில பத்துக்கு ஒரே பேரு வந்துச்சு. பூவிழி.

நாங்க சூப்பர்வைசருங்க கார்டு தேய்க்கறதில்லை. எங்களுக்கு நம்பர் அடிச்சாக் கதவு திறக்கும். எல்லாருக்கும் ஒரே நம்பர், யாரு அடிச்சான்னு அதுல ஏறாது. அதனால புரோகிராமுக்கு நாங்க ரூம்ல இல்லவே இல்ல. அன்னிக்கு அது பிரணவுக்கும் தோணலை, சாருக்கும் தோணலை. எனக்கும் தோணலைங்க, சத்தியமா.

பூவிழிய நான் குறை சொல்ல மாட்டேன். பாலிடெக்னிக் முடிச்சுட்டு வந்த பொண்ணு. பெட்டி ஏத்துற வேலைக்குத்தான் எடுத்தோம், ஆனா அவளுக்குக் கண்ணு படம் வரையற பக்கமே. சாப்பாட்டு நேரத்துல போய் இன்ஜினியருங்க பின்னாடி நின்னு பாத்துப் பாத்தே கத்துக்கிட்டா. ஒருநாள் பிரணவ் வரைஞ்ச படத்துல ரெண்டு கோடு ஒட்டிக்கிட்டிருக்குன்னு காட்டிட்டா. அவ்வளவு துல்லியம். அடுத்த வருஷம் அவளை டிசைன் பக்கம் மாத்தலாம்னு பேச்சுகூட இருந்துச்சு. அதுக்கு சிபாரிசு பண்ணதே நான்தான், ஆமாங்க.

ஆனா கம்ப்யூட்டரே பேரு சொன்னப்புறம் நான் என்ன பண்ணட்டும்? உடை மாத்துற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். 'கையைக் காட்டு'ன்னேன். கிளவுஸைக் கழட்டினா. அதுக்குள்ள இன்னொரு கிளவுஸ். அதுக்குள்ள டேப் சுத்தியிருக்கு. டேப்பைப் பிரிச்சா காப்புக் கயிறு! மஞ்சளும் சிவப்புமா முறுக்கினது. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே.

'என்னடி இது?'

'மாரியம்மன் காப்பு அக்கா. அம்மா கண்ணுக்கு வேண்டிக்கிட்டது. மூணு வாரம் கழிச்சுக் கோயில்லதான் அவுக்கணும். டேப் சுத்தி, ரெண்டு கிளவுஸ் போட்டுத்தான் வரேன் அக்கா. ஒரு நூல்கூட வெளிய வராது.'

'நீ சொல்றியா, சிஸ்டம் சொல்றதை நம்பவா?'ன்னு கேட்டு, கத்திரிய நீட்டினேன்.

அவ கத்திரியப் பாத்தா. அப்புறம் என் கழுத்தைப் பாத்தா. 'அக்கா, நீங்க...'ன்னு ஆரம்பிச்சா. 'என்ன நீங்க?'ன்னு நான் அதட்டினதும் 'ஒண்ணுமில்லக்கா'ன்னுட்டா. அவளே வெட்டினா. வெட்டின கயித்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில மூடி வச்சுக்கிட்டா. நான் அதை வாங்கி ஒரு கவர்ல போட்டு, மேல அவ பேரு, தேதி எழுதி சீல் வச்சேன். முறைன்னா முறைதானே.

அவங்க அம்மாவுக்கு அப்புறம் ஒரு கண்ணு சுத்தமாத் தெரியாமப் போயிடுச்சாம். இன்னிக்குத்தான் பாத்தேன். அதுக்கும் கயித்துக்கும் என்னங்க சம்பந்தம்? சர்க்கரை வியாதி, கண்ணுல ரத்தக் கசிவு. கயித்தை வெட்டினா கண்ணு போகுமா? இதெல்லாம் நம்பறவங்களை என்ன சொல்றது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கயித்தை வெட்டியாச்சு. பெட்டி மறுபடியும் கெட்டுச்சு. 'இன்னும் எதையோ மறைக்கிறா சார்'னு நான்தான் சொன்னேன். சார் அவளை நிறுத்திட்டார். பதினாலாம் தேதி சாயங்காலம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிட்டா. அழலை, ஆர்ப்பாட்டம் பண்ணலை. 'வரேன்கா'ன்னு மட்டும் சொன்னா. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

அவ போய் ஒன்பது நாளாகியும் நார் விழறது நிக்கலை. பிரணவ் மண்டையக் குழப்பிக்கிட்டு, காத்து எப்படிச் சுத்துதுன்னு பாக்க மிஷினுக்கு மேல ஒரு கேமரா வச்சார். மறுநாள் காலையில, 'மேடம், கொஞ்சம் வர்றீங்களா'ன்னு கூப்பிட்டார். கதவைச் சாத்திட்டு ஓட விட்டார். வெள்ளை சூட்டுல ஒரு பொம்பளை. பெட்டி முன்னாடி நிக்கிறா. ஜிப்பை இறக்கறா, கயித்தை எடுக்கறா, கண்ணுல ஒத்தறா, திரும்ப உள்ள போடறா. பெருசாக்கிக் காட்டினார். மழைத் தூறல் மாதிரி என்னமோ இறங்குது. எல்லாம் நேரா தட்டு மேல. அந்த மஞ்சள் வெளிச்சத்துல மஞ்சள் நார் வெள்ளையாத்தான் தெரியுது. எத்தனை தடவை அந்தத் தட்டைக் குனிஞ்சு பாத்திருப்பேன் நான்! ஒரு தடவைகூட என் கண்ணுல படலை.

ஆடிப்பெருக்கு அன்னிக்குப் புதுக் கயிறு மாத்தியிருந்தேன். கொஞ்சம் தடிமனா, மஞ்சள் நல்லா ஊறின கயிறு. பழசு நார் உதிராது. இது உதிர்ந்துச்சு.

பிரணவ் நல்ல மனுஷன், தலையக் குனிஞ்சுக்கிட்டார். நான் நேரா சார்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். மறைக்கலைங்க, அதைக் குறிச்சுக்கங்க. நானாப் போய்ச் சொன்னேன். சார் பேனாவை மூடி வச்சுட்டு, 'கயித்தைக் கழட்டி செயின் போட்டுக்கங்க. இனிமே ஜிப்புல கை வைக்காதீங்க. வீடியோ வேணாம், அழிச்சிடச் சொல்றேன்'னார். 'சார், பூவிழி?'ன்னேன். 'அவ பேரு ஏற்கெனவே சிஸ்டம்ல ஏறியாச்சும்மா. இப்ப புதுசா ஒரு பேரு ஏத்தினா பத்துக் கேள்வி வரும். லைன் இன்சார்ஜே பண்ணாங்கன்னா கம்பெனிக்கே தரச் சான்று போயிடும். முந்நூறு பேர் வேலை'ன்னார். முந்நூறு பேருங்க. நான் என் ஒருத்திக்காகவா வாய மூடினேன்?

அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அந்த ஆடியில ஒரு பெட்டி கண்ணுக்குத் தப்பி வெளிநாட்டுக்குப் போயிடுச்சு. அங்க சோதிக்கறப்போ பிடிச்சு, அப்படியே திருப்பிட்டாங்க. யாரு உடம்புக்குள்ளயும் போகலை, சாமி புண்ணியம். ஆனா அவங்களோட தரம் பாக்கிற ஆடிட்டர் நாளைக்குப் பத்து மணிக்கு வர்றார். நார் எங்கேருந்து வந்துச்சு, யாரு, அந்த ஆளே ஒத்துக்கிட்டுப் போட்ட கையெழுத்து எங்க, கயித்தோட மாதிரி எங்க. இத்தனையும் கேப்பார்.

அதான், தப்பு தன்னோடதுன்னு அவ ஒத்துக்கிட்ட மாதிரி ஒரு தாள் அடிச்சு எடுத்துட்டு வந்தேன். ஆனா ஒரு சிக்கல். சீல் வச்ச கவர்ல இருக்கிறது அவளோட காப்பு. அது சிவப்பும் மஞ்சளும் கலந்தது, முறுக்கும் வேற. மைக்ராஸ்கோப்புல வச்சா தட்டுல விழுந்த நாரும் அதுவும் ஒண்ணு இல்லைன்னு குழந்தைகூடச் சொல்லிடும். நான் கழட்டின தாலிக்கயித்தை ஆத்துல விடணும்னு சாமி படத்துக்குப் பின்னாடி மடிச்சு வச்சிருந்தேன். அதுலேருந்து ஒரு விரல் நீளம் வெட்டி, புதுக் கவர்ல போட்டேன். அவ பேரை எழுதினேன். தாலிக்கயித்துல கத்திரி வச்சவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அன்னிலேருந்து அவர் 'நெஞ்சு படபடங்குது'ங்கிறப்போ எல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வருது.

ஆனா ஒண்ணு பாருங்க. அதனால அவ காப்பு அவளுக்கே கிடைச்சுடுச்சு. வேண்டுதல் கயிறு, கண்ட இடத்துல கிடக்கலாமா? நானே பத்திரமா எடுத்துட்டு வந்து அவ கையில குடுத்தேன். யாரு செய்வா?

வீடு ரோட்டோரமாத்தான். என்னைப் பாத்ததும் ஓடி வந்தா. 'வாங்கக்கா வாங்கக்கா'ன்னு நாற்காலியத் துடைச்சுப் போட்டா. எனக்குத் தூசி பிடிக்காதுன்னு ரெண்டு தடவை துடைச்சா. அம்மா சுவரைத் தடவிக்கிட்டே வந்து, 'பூவு அடிக்கடி சொல்லும் கண்ணு, அக்கா மாதிரி சுத்தம் யாருக்கும் வராதுன்னு'ங்கிறாங்க. நான் காப்பை எடுத்து நீட்டினேன். அவ வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்புறம் மெதுவா, 'இதை நீங்க கவர்ல போட்டு சீல் வச்சீங்களேக்கா. அந்தக் கவர்ல இப்ப என்ன இருக்கு?'ன்னு கேட்டா. நான் தண்ணி குடிச்சேன். அவ மறுபடி கேக்கலை.

தாளைக் குடுத்தேன். 'சும்மா ஃபைலுக்காகத்தான்மா, உனக்கு ஒண்ணும் ஆகாது. அனுபவச் சான்றிதழ் நானே வாங்கி அனுப்பறேன்'னேன். உக்காந்து படிச்சா. படம் சரி பாக்கிற மாதிரி ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சா. எனக்கு வேர்த்து ஊத்துது. கடைசியில நிமிர்ந்து என்ன சொன்னா தெரியுமா?

'அக்கா, இதுல ஒரு தப்பு இருக்கு. நான் பதினாலாம் தேதியே போயிட்டேன். பெட்டி இருபத்திமூணு வரைக்கும் கெட்டிருக்குன்னு போட்டிருக்கீங்க. ஆடிட்டர் முதல்ல இதைத்தான் பிடிப்பார்.'

சார் படிச்சார், நான் படிச்சேன், ரெண்டு பேர் கண்ணுலயுமே படலை. அவளே ஒரு பேனாவை எடுத்துட்டு வந்தா. 'நான் போனப்புறமும் பெட்டி தள்ளுற டிராலியில நார் ஒட்டியிருந்துச்சு, டிராலிய மாத்தினப்புறம்தான் நின்னுச்சுன்னு ஒரு வரி சேர்த்துடுங்கக்கா. அப்ப சரியா உக்காரும்'னு சொல்லி, ஓரத்துல அவ கையெழுத்துலயே எழுதினா. கீழ கையெழுத்துப் போட்டா. ஓசூர்ல பாதி பேருக்கு வராது அவ்வளவு அழகான கையெழுத்து.

கிளம்பறப்போ அவங்க அம்மா தட்டுல வெத்தலை பாக்கு, குங்குமம், ஒரு மஞ்சக் கயிறு எல்லாம் வச்சுத் தடவித் தடவிக் கொண்டு வந்தாங்க. 'சுமங்கலி வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாது கண்ணு'ன்னாங்க. பூவிழி தட்டுலேருந்து கயித்தை மட்டும் எடுத்துட்டா. 'அக்கா இப்ப செயினுக்கு மாறிட்டாங்கம்மா. கயிறு வேணாம்'னா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வாசலுக்கு வந்து, 'உனக்குத் தெரியுமாடி?'ன்னு கேட்டேன். 'பெட்டி ஏத்தறப்போ உங்க பக்கத்துலதானேக்கா நின்னேன். நீங்க கும்பிடறதை டெய்லி பாத்திருக்கேன்'ங்கிறா. 'அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? சொல்லியிருக்கலாமில்ல?'ன்னேன். 'சிஸ்டம்ல உங்க பேரே இல்லையேக்கா. நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்களே நம்பியிருக்க மாட்டீங்க'ன்னா. கோவமா சொல்லலைங்க. சாதாரணமா, பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னா.

எனக்கு அதுதாங்க வயித்தெரிச்சல். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனையும் நடந்திருக்குமா? என்னை நல்லா வச்சு செஞ்சுட்டா, பாருங்க. இன்னிக்காவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். 'போடி'ன்னு தாளைக் கிழிச்சு மூஞ்சியில போட்டிருக்கலாம். திட்டியிருந்தா, நானும் திருப்பித் திட்டிட்டு நிம்மதியா பஸ் ஏறியிருப்பேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பையைத் தூக்கிட்டு வந்தாளே அவ. இந்தத் தாள் உள்ள இருக்கிற பையை.

பஸ்ஸுக்கு நிக்கறப்போதான் மெதுவா சொன்னா. பெங்களூர்ல ஒரு கம்பெனி, காதுக்குள்ள வைக்கிற கருவி செய்யறாங்களாம். டிசைன் வேலை. இண்டர்வியூ ரெண்டு சுத்து முடிஞ்சு எடுத்துக்கறதா சொல்லிட்டாங்களாம். பழைய இடத்துல ஒருத்தரை விசாரிக்கணும்னு நம்பர் கேட்டாங்களாம். 'உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன்கா. வேற யாரையும் எனக்குத் தெரியாது. இன்னிக்கோ நாளைக்கோ கூப்பிடுவாங்க'ன்னா. 'கூப்பிடட்டும், நான் பேசிக்கறேன்'னுட்டேன். வேற என்ன சொல்றது அந்த நேரத்துல? அம்மாவுக்கு இன்னொரு கண்ணையாவது காப்பாத்தணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். இந்த வேலை கிடைச்சுட்டா பெங்களூருக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்னா.

என்ன கேட்டீங்க? தாளைக் குடுப்பேனான்னா? குடுக்காம? நாளைக்குப் பத்து மணிக்கு ஆடிட்டர் உக்காந்திருப்பார். எனக்கு ஒண்ணுன்னா எங்க வீட்டுக்காரருக்கு மருந்துக்கு யாரு இருக்கா? முந்நூறு பேருங்க. அவளுக்கு வயசு இருக்கு, திறமை இருக்கு, எங்கயாவது பொழைச்சுக்குவா. நான் நாப்பத்தேழு வயசுல எங்க போறது? நீங்களே சொல்லுங்களேன்.

ஐயோ, ஃபோன் அடிக்குது. இருங்க... புது நம்பரா இருக்கு. ஜீரோ எட்டு ஜீரோ. பெங்களூர் நம்பர்தானே இது? அவங்கதாங்க. என்ன சொல்லட்டும்? சொல்லுங்க சீக்கிரம். இன்னிக்கு நான் ஆஹா ஓஹோன்னு சொல்லிட்டு, நாளைக்கு அந்தத் தாள் ஃபைல்ல ஏறி, யாராவது ரெண்டையும் வச்சுப் பாத்தாங்கன்னா? அப்ப என் பேரும் சேர்ந்து வருமே. எடுக்காம விட்டா? விட்டா மறுபடி அடிப்பாங்க. கட் ஆகப் போகுது. எடுத்துடறேன், இருங்க.

ஹலோ... ஆமா சார், நான்தான். பஸ்ல வந்துட்டிருக்கேன் சார், சத்தமா இருக்கா? ஆங், பூவிழி... தெரியும் சார், நல்லாத் தெரியும். என் லைன்லதான் இருந்தா... வேலையா? வேலையில குறையே சொல்ல முடியாது சார். படம் பாக்கறதுல அவ்வளவு துல்லியம்... ஏன் போனாளா? அது வந்து சார்... இல்ல சார், நல்ல பொண்ணு, ரொம்ப நல்ல பொண்ணு. சுத்தம்தான் சார் கொஞ்சம் பத்தாது.